ஊர்தியும் பாகனும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் காரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அமைப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். "கார்காலந்தானே அம்மா? முல்லைத் திணை. மிகப் பொருத்தம்" என்று அவர் மகிழ்ந்தார். நான் சொன்னது நான்கு சக்கரமுள்ள கார் என்று விளக்கியபோது அவர் குரல் சற்று இறங்கியது உண்மை. ஆனாலும், இரண்டு காரும் ஒன்றுக்கொன்று அத்துணைத் தொலைவில் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அதைத்தான் இந்த அவையிலும் சொல்ல விரும்புகிறேன்.

முல்லைக்குப் பெரும்பொழுது கார். வினைமேற் சென்ற தலைவன் மீண்டு வருவதாக வாக்களித்த பருவம் அது. அவன் மீள்வது தேரில். மழை தொடங்கிய செம்மண் நிலத்தில் தேர்ச்சக்கரம் பதிந்து ஓடும் காட்சி இல்லாமல் முல்லைப் பாட்டு நிறைவதில்லை. ஆகவே கார் என்றாலே ஊர்தியின் நினைவு வருவது தமிழுக்குப் புதிதன்று. இதைக்கொண்டு ஆங்கிலக் காரும் தமிழ்க் காரும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று நிறுவப் புறப்படுவோர்க்கு நான் துணைபோக மாட்டேன். அந்தச் சொல் கெல்ட்டிய மொழியில் தோன்றி இலத்தீன் வழியாக ஆங்கிலம் சென்றது என்பது அகராதியாளர் கண்ட முடிவு. ஒலி ஒத்துப்போனது தற்செயல். தற்செயலையும் கவிஞர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆய்வாளர்கள்தாம் கூடாது.

அண்மையில் நம் நகரில் நடந்த பழங்கார்க் கண்காட்சி ஒன்றிற்குப் படக்கருவியோடு சென்றிருந்தேன். ஆஸ்டின், மோரிஸ், ஃபோர்டு, செவர்லே, பியூக், டாட்ஜ், லேண்ட்மாஸ்டர், ஃபியட் என்று வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கதவுத் தூணிலிருந்து சிறு கையொன்று வெளியே எழுந்து திரும்பும் பக்கத்தைக் காட்டும் வண்டிகளும் இருந்தன. அந்தக் கையை எழுப்பிக் காட்டச் சொல்லிக் குழந்தைகள் அடம்பிடித்தார்கள். பெரியவர்கள் அடம்பிடிக்கவில்லை, ஆனால் கை எழும்போதெல்லாம் அவர்களும் சிரித்தார்கள்.

கண்காட்சிக்காரர்களின் கலைச்சொற்களை ஓரளவு அறிந்துகொள்வது நல்லது. 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவையே 'விண்டேஜ்' என்று கார் அன்பர்கள் வழங்குவர். அச்சொல் திராட்சை அறுவடையிலிருந்து வந்தது. நம் அரசோ 2021-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, முதலில் இருந்த வடிவம் பெரிதும் மாறாதிருக்கும் வண்டிகளை விண்டேஜ் என்று ஏற்றுக்கொண்டது. அவற்றிற்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றிற்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். காய்கறி வாங்கப் போகக் கூடாது. இரும்புக்கும் ஓய்வூதிய விதிகள் வந்துவிட்டன என்று எண்ணிக்கொண்டேன்.

அங்கே நான் படமெடுத்ததைவிடக் காதுகொடுத்துக் கேட்டதே மிகுதி. ஒவ்வொரு காரின் முன்னும் ஒருவர் நின்று யாரோ ஒருவருக்கு நினைவைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கள் தெரு டாக்டர் இதில்தான் வருவார்", "என் தங்கை பிறந்தபோது வீட்டுக்காரர் இதைத்தான் கொடுத்தனுப்பினார்", "கல்யாண ஊர்வலத்துக்கு இந்த மாதிரி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்." கூர்ந்து கேட்டால் ஒன்று விளங்கும். நினைவுகூர்பவருள் பெரும்பாலோர் காருக்கு உடையவராய் இருந்தவரல்லர். தெருவில் நின்று பார்த்தவர்கள். ஒரு முறையோ இரு முறையோ ஏறிச் சென்றவர்கள். ஃபியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. காத்திருக்கவே வழியற்றவர்கள்தாம் நம்மில் பலர். நம் நாட்டில் பழங்காரின் நினைவு என்பது பெரிதும் பிறருடைய காரின் நினைவு. நம் கவிஞர்கள் இதை இன்னும் எழுதவில்லை.

சென்னைக்கும் காருக்கும் உள்ள உறவு நெடியது. மவுண்ட் ரோட்டில் 1840 முதல் குதிரை வண்டி கட்டிய சிம்ப்சன் நிறுவனம் 1903-இல் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டியது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் அதுவே என்பர். நகரின் 'எம்.சி. 1' என்னும் பதிவெண் துறைமுகத்தை உருவாக்கியவர்களுள் தலையாயவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவர்களுடையது. கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரைச் சொல்வார்கள்; அவருடைய எண் 'எம்.சி. 3'. இவையெல்லாம் நகர வரலாறு எழுதுவோர் பலமுறை சொன்னவை. ஒவ்வொரு முறையும் என் மனத்தில் எழும் ஐயம் ஒன்றுதான். அந்த வண்டிகளைக் காலையில் யார் கிளப்பினார்கள்?

ஏனெனில் அக்காலக் கார் தானே கிளம்பாது. முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். இயந்திரம் சில வேளைகளில் எதிர்த்து உதைக்கும். கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். அதனால் கட்டை விரலை மறுபக்கம் வளைத்துப் பிடிக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தொழில் நுணுக்கம். முதலாளிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. டிரைவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டிற்கு வந்தபோது கரி வாயுவில் வண்டி ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கலங்களைச் செய்து தந்தது. காற்றைக் குறைத்துக் கரியை எரித்து, வரும் வாயுவை வடிகட்டி, இயந்திரத்திற்குள் செலுத்துவது அதன் முறை. பெட்ரோல் தரும் விசை அதில் வராது. மேட்டில் ஏறத் திணறும். புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே கரியைப் பற்றவைத்து, விசிறி, வாயு சேரும்வரை காத்திருக்க வேண்டும். முதலாளி காப்பி அருந்தி முடித்து வெளியே வரும்போது வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். அதற்கு முன் கரியும் புகையுமாக ஒருவர் நின்றிருப்பார். அந்தக் காலத்துக் குடும்பப் படங்களில் அவரைக் காண முடியாது.

குடும்பப் படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்துப் பழைய வீடுகளில் காரின் முன் எடுத்த படம் ஒன்றேனும் இருக்கும். என்னிடம் படிக்கும் மாணவியரை இத்தகைய படங்களைக் கொண்டுவரச் சொல்லி வகுப்பில் ஒரு பயிற்சி வைப்பதுண்டு. பட்டுப்புடவையும் அங்கவஸ்திரமுமாக எல்லோரும் நிற்பார்கள். சிறுவன் ஒருவன் சக்கரக் காப்பின் மேல் அமர்ந்திருப்பான். கண்ணாடிக்குப் பின்னே, ஓட்டும் இருக்கையில், நிழலில் ஒரு முகம் இருக்கும். சில படங்களில் முகம்கூட இராது. ஸ்டீயரிங்கின் மேல் ஒரு கை மட்டும் தெரியும். பின்புறம் திருப்பினால் முன்னே நிற்போர் எல்லார் பெயரும் இடமிருந்து வலமாக எழுதியிருக்கும். காரின் பெயரும் எழுதியிருக்கும். அந்தக் கைக்கு மட்டும் பெயர் இல்லை.

கண்காட்சிக்கு மீள்கிறேன். அங்கே என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. விலையுயர்ந்த வண்டியன்று, அதற்கு இருபுறமும் நின்ற அமெரிக்கக் கார்களின் நீளத்தில் பாதிதான் இருக்கும். ஆனால் அது நம் ஊர்க் கார். 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஆலை வைத்திருந்தது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென் என்பவற்றிற்குப் பின் 1961-இல் ஹெரால்டு வந்தது. அதன் உருவை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர்; இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் பிறந்தது. அங்கே அதற்கு இரண்டு கதவுகள்தாம். நம் குடும்பங்களின் அளவைக் கருதிப்போலும், நான்கு கதவு வைத்த ஹெரால்டு பின்னர்ப் பெருங்களத்தூரில்தான் செய்யப்பட்டது. இங்கிலாந்து அதைக் கண்டதேயில்லை. 1972-இல் அதன் வழிவந்த கேஸல். 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் வந்தது, அது விலைபோகவில்லை. 1980-களின் இறுதியில் கார் உற்பத்தி நின்றுபோனது.

ஹெரால்டைச் சுற்றிக் கூட்டம் நின்றது. கைப்பேசியில் படமெடுக்க வந்த இளைஞர் ஒருவர், வண்டியின் முன்சக்கரத்தருகே துணியும் கையுமாக நின்றிருந்த முதியவரிடம், "ஐயா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார். முதியவர் முகத்தில் சிறு சுளிப்பும் இல்லாமல் நகர்ந்தார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். காலையிலிருந்து எத்தனை முறை நகர்ந்திருப்பார் என்று தெரியவில்லை. வண்டியைத் துடைப்பதற்கு வருவதும், படத்திற்கு வெளியே போவதுமாக இருந்தார்.

நான் அருகில் சென்று, "ஐயா, இது உங்கள் வண்டியா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. வண்டி முதலாளியோடது. நான் பார்த்துக்கறவன்" என்றார்.

அந்தச் சொல்லில் என் மனம் நின்றுவிட்டது. வண்டியைப் பார்க்க வந்தவர் நூற்றுக்கணக்கானோர்; பார்த்துக்கொள்பவர் ஒருவர். பார்த்தல், பார்த்துக்கொள்ளுதல் என்னும் இரண்டுக்கும் நடுவே தமிழ் ஒரு துணைவினையைத்தான் வைத்திருக்கிறது. வாழ்க்கையில் அந்தத் துணைவினைக்கு முப்பது நாற்பது ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

அவர் பெருங்களத்தூர் ஆலையில் 1973-இல், பதினெட்டு வயதில் சேர்ந்தவர். ஆலை நின்ற பிறகு பட்டறை வேலைக்கு வந்தவர். வண்டியைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கு மூடியத் தொறக்கறதுன்னா மூக்கோட தூக்கணும்மா" என்று சொல்லி, முன்புறம் முழுவதையும் விளக்கோடும் சக்கரக் காப்போடும் சேர்த்து முன்னால் சாய்த்துக் காட்டினார். இயந்திரமும் முன்சக்கரங்களும் மறைவின்றி வெளிப்பட்டன. சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் போல் இருந்தது. "மந்தவெளி சந்துல இத ஒரே ஒடிப்புல திருப்பிடலாம். அம்பாசடர்னா மூணு தடவ முன்னாடியும் பின்னாடியும் போவணும்" என்றார். இது வெறும் பெருமையன்று. 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார் ஹெரால்டு. இலண்டன் வாடகைக் கார்களுக்கு ஒப்பாக அதைச் சொல்வார்கள்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை இந்த உரைக்குக் கொண்டுவந்தது. முன்சக்கரம் திரும்பும் இடத்தில் மரைவெட்டிய மூட்டு ஒன்று உண்டு. அதைச் சுட்டிக்காட்டி, "இங்க கிரீஸ் அடிக்கக் கூடாதும்மா. கியர் ஆயில்தான் விடணும். எல்லாரும் கிரீஸ அடிச்சிடுவாங்க. உள்ள போகாது. மரை தேஞ்சு, ஒரு நாள் போய்க்கிட்டு இருக்கும்போதே சக்கரம் மடங்கிடும்" என்றார். ஹெரால்டு வண்டியின் உயிர்நிலை அது. ஆங்கிலத்தில் கார் அன்பர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தமிழில் இதைச் சொல்ல அவர் இருக்கிறார், எழுத்து இல்லை. அவரைப் போன்றவர் இன்னும் எத்தனை பேர் இந்நகரில் உள்ளனர் என்பதையும், அடுத்த பத்தாண்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் நீங்களே எண்ணிப்பாருங்கள்.

காரின் முன் வைத்திருந்த அட்டையைப் படித்தேன். வண்டியின் பெயர், ஆண்டு, 948 சி.சி. இயந்திரம், உடையவர் பெயர். நல்ல அட்டை, பிழையில்லாத எழுத்து. அது போதாது என்பதுதான் என் கருத்து. ஒரு கோயில் கல்வெட்டு கொடையாளர் பெயரை மட்டும் சொன்னால் நாம் நிறைவடைகிறோமா? தச்சனின் பெயரும் கல்லில் அகப்பட்டால் அன்றைக்கு ஆய்வாளருக்குத் திருவிழா.

இப்பொழுது சங்கப் பாட்டிற்கு வருகிறேன். நம் முன்னோர் இதில் எவ்வளவு நேர்மையாக இருந்தார்கள் என்பதைக் காணுங்கள். தொல்காப்பியர் கற்பியலில் தலைவன் பேசுதற்குரிய இடங்களை அடுக்கும்போது, ஊர்தி செலுத்தும் பாகரோடு பேசும் இடத்தையும் சேர்த்தே வைத்தார். ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லையில் தேர் வியங்கொண்ட பத்து என்றே ஒரு பகுதி உண்டு. தேரைச் செலுத்துக என்று தலைவன் பாகனிடம் சொல்லும் பாடல்கள் அவை. அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார், பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டி வரும் தலைவனைக் காட்டுகிறார். அந்த நாவைக் கட்டிய கை யாருடையது என்று நான் மாணவியரைக் கேட்பதுண்டு. தலைவனுடையதே என்று விடை வரும். தேரோட்டத் தெரிந்தவர்கள் வேறு விடை சொல்லக்கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அகநானூறு 384-ஆம் பாடல். போர் முடிந்தது, தலைவன் தேரேறினான். ஏறியது தெரியும், வந்து சேர்ந்தது எப்படி என்று தெரியவில்லை. காற்றைத் தேரில் பூட்டினாயா, இல்லை உன் மனத்தையே குதிரையாக்கிப் பூட்டினாயா என்று வலவனைக் கேட்கிறான். கேட்டதோடு விடவில்லை. இறங்கி, அவனை மார்புறத் தழுவி, வீட்டிற்குள் அழைத்துச் செல்கிறான். தலைவிக்கு அன்று ஒரு விருந்தினர் கிடைத்தார். அந்த விருந்தினர் தேரோட்டி. காத்திருந்த மனைவியைப் பாடவந்த பெண்பாற் புலவர், தேரோட்டியை வாயிற்படியில் நிறுத்திவிடாமல் உள்ளே கூட்டிச்சென்று பாட்டை முடிக்கிறார். பிரிவுத் துயரம் தீர்ந்ததற்கு அவனும் ஒரு காரணம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தேரின் அழகைப் பாடிய பாட்டுகள் பல. தேரோட்டியின் தோளைத் தழுவிய பாட்டு இது. முல்லைப் பாடல்களுள் எனக்கு இதற்கு மேல் ஒன்றில்லை.

தேர் என்றதும் நம் கபாலீசுவரர் கோயில் பங்குனித் தேர் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். மாட வீதி முனையில் அத்தனை பெரிய தேரைத் திருப்புவது வடம் பிடிப்பவர் அல்லர். சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுபவர்கள். ஓடும் சக்கரத்திற்கு ஒரு முழம் முன்னே கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மேல்நோக்கி எடுக்கப்பட்டவை.

பாகனும் உடையவனும் படம்பிடிப்பவனும் ஒருவரேயானால் என்ன ஆகும் என்பதற்குக் கோவை ஜி.டி. நாயுடு சான்று. 1920-இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கியவர். இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர். படமெடுப்பதிலும் தீராத வேட்கை உடையவர். 1936-இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். அவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளை 2015-இல் கோவையில் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. இங்கே வடபழனியில் ஏவி.எம். வளாகத்தில் 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திலும் பழங்கார்கள் இடம்பெற்றுள்ளன. இரண்டையும் கவிஞர்கள் பார்க்க வேண்டும். நாயுடு அவர்களைப் போல் எல்லாப் பாகர்களுக்கும் சொந்தமாகப் படக்கருவி கிடைத்திருந்தால் இந்த உரைக்கே தேவை இருந்திராது.

சொற்களைப் பற்றிச் சிறிது. மகிழுந்து, சீருந்து, சிற்றுந்து, தானுந்து என்று நாம் பல சொல் படைத்தோம். தவறில்லை, மேடைக்கும் பாடநூலுக்கும் அவை வேண்டும். ஆனால் பட்டறைக்குள் வழங்கும் சொற்களை நாம் திரட்டவேயில்லை. ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. 1904-இல் அங்கே ஒரு கடையில் பிறந்தது மாற்றுச் சக்கரம். இங்கிலாந்தில் அந்தப் பெயர் வழக்கொழிந்தே போயிற்று. நம் லாரி ஓட்டுநர் வாயில் இன்றும் உயிரோடிருக்கிறது. டிக்கியும் அவ்வாறே, காரின் பின்புறம் மடக்கித் திறக்கும் இருக்கைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர், இருக்கை போன பின்னும் நம்மிடம் பெட்டியாக நிற்கிறது. டிங்கர் வேலை, பட்டி பார்ப்பது, குஷன் கட்டுவது, ஒடிப்பு, மரை, உதறல், இழுவை என்று புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைச் சந்துகளிலும் ஒருநாள் நின்றால் ஒரு கையகராதிக்குச் சொல் கிடைக்கும். மீனவர் சொல்லையும் உழவர் சொல்லையும் தேடிச் சென்ற நம் ஆய்வாளர்கள் மெக்கானிக்கின் சொல்லுக்குச் செல்லாததற்குக் கைகளில் படியும் எண்ணெய் காரணமாக இருக்காது என்று நம்புகிறேன். இடையில் ஒன்று: ஓட்டுநர் என்று எழுதுங்கள், ஓட்டுனர் என்றல்ல. பெயரைத்தான் விட்டுவிட்டோம், எழுத்தையாவது சரியாகக் கொடுப்போம்.

திரைப்படத்துறை இதில் நம்மை முந்தியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014-இல் வந்த 'பண்ணையாரும் பத்மினியும்' ஒரு பழைய ஃபியட்டையும் அதன்மேல் ஆசைவைத்த பெரியவரையும் பற்றிய படம். அதில் காரை ஓட்டுபவனுக்கும் முழு மனிதனுக்குரிய இடம் இருக்கிறது. மாசாத்தியார் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நம் மந்தைவெளியையே எடுத்துக்கொள்வோம். மாட்டு மந்தை மேய்ந்த வெளி என்பதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். மந்தை போய்ச் சாலை வந்தது, பேருந்து வந்தது, மேலே பறக்கும் ரயில் வந்தது. பழைய வீடுகளின் கார் ஷெட்டுகளில் இன்று தையற்கடையும் இஸ்திரிக் கடையும் தனிப்பயிற்சி வகுப்பும் நடக்கின்றன. சில சந்துகளில், காற்றிறங்கிய சக்கரங்களோடு ஓர் அம்பாசடரோ பத்மினியோ தார்ப்பாய்க்கடியில் கிடக்கும். அதன்மேல் கொடி ஏறியிருக்கும். பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். இங்கே பாகப் பிரிவினை முடியாததால் கொடிக்குக் கார் கிடைத்திருக்கிறது.

இந்த வண்டிகளோடு கார்களின் காலம் முடிந்துவிடவில்லை. பெருங்களத்தூர் ஆலை ஓய்ந்தாலும், 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலை நகரிலும் கார்கள் பிறக்கத் தொடங்கின. மறைமலை நகரின் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே 1999-இல் வெளிவந்த ஐகான் ஒருநாள் கண்காட்சிக்கு வரும். அதை இணைத்தவர்கள் அப்போது கூட்டத்தில் நின்றிருப்பார்கள். அவர்களிடமும் யாராவது நகரச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் ஓட்டுநரே இல்லாத வாடகைக் கார்கள் ஓடுகின்றன. புறநானூற்றின் 27-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாகன் செலுத்தாத வான ஊர்தி ஒன்றைச் சொல்கிறார். அது யாருக்குக் கிடைக்கும் என்பதையும் சொல்கிறார்: புலவரால் பாடப்பெற்றவர்க்கு. விமானத்தைத் தமிழன் அன்றே கண்டான் என்று மேடையில் முழங்க இந்தப் பாட்டை எடுப்பவர்கள் அந்த இரண்டாம் பகுதியை விட்டுவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதுதான். பாடப்பெறுதல் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவர்கள் இந்த அவையில் இருக்கும் நீங்கள்.

அன்று நான் எடுத்த படங்களை அச்சிட்டுப் பார்த்தேன். பழங்காரைப் படமெடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. மெருகேற்றிய உடலும் குரோமியம் பூசிய விளிம்பும் கண்ணாடியாகிவிடும். வானமும் மரமும் எடுப்பவருமே அதில் விழுவார்கள். ஹெரால்டின் சக்கரத் தட்டை மட்டும் அருகிலிருந்து எடுத்த படம் ஒன்று. வளைந்த தட்டில், என் உருவத்திற்குப் பக்கத்தில், துணியைத் தோளில் போட்டபடி அந்தப் பெரியவர் சிறிதாக நிற்கிறார். பெயரை மேடையில் சொல்லலாமா என்று கேட்டிருந்தேன். "மேடையில எதுக்கும்மா" என்றார். ஆகவே சொல்லவில்லை. படத்தின் பின்புறம், மையினால், தந்தை பெயரோடும் சேர்ந்த ஆண்டோடும் எழுதிவைத்திருக்கிறேன்.

அமைப்பாளர் இசைவோடு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது உங்கள் வீட்டில் காரோ வேனோ வாடகை வண்டியோ உள்ள பழைய படம் இருந்தால் எடுத்து வாருங்கள். வருவதற்கு முன், வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால் அவரிடம் கேட்டு, ஸ்டீயரிங்கின் மேல் கை வைத்திருப்பவர் பெயரைப் பென்சிலால் பின்புறம் எழுதி வாருங்கள். முழுப் பெயர் கிடைக்காவிட்டால் வீட்டில் அழைத்த பெயர் போதும். எந்தப் பட்டறையில் வண்டியை விட்டார்கள் என்பது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். படங்களைப் படியெடுக்க நான் கருவி கொண்டுவருகிறேன். மூலப் படத்தை அன்றே திருப்பித் தந்துவிடுவேன்.